இருபத்தொரு ஃபிரேமுக்கு ஒரு பேருந்து

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் மாரியோ தரையில் ஓடும் உச்ச வேகம் ஒரு ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல். பொத்தானை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அதைத் தாண்டாது. ஏழு வயதுக் குழந்தை ஆடினாலும் உலக சாதனையாளர் ஆடினாலும் மாரியோவின் கால்களுக்கு ஒரே வேகம்தான். அப்படியென்றால் இந்த விளையாட்டை வேகமாக முடிப்பது என்பதற்கு என்ன பொருள்? எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடும் பந்தயத்தில் ஒருவர் எப்படி இன்னொருவரை முந்துகிறார்?

1985 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்த விளையாட்டு அது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில், மஞ்சள் நிறக் கேட்ரிட்ஜில் வந்து சேர்ந்தது. நானும் அப்படித்தான் அறிந்தேன். கோடை விடுமுறையில் மாமா வீட்டுக் கூடத்தில் அண்ணனும் நானும் மாறி மாறி ஆடுவோம். முதல் உலகத்தின் கோட்டையைத் தாண்டினாலே அன்றைக்குத் திருவிழா. மொத்தம் 32 நிலைகள் கொண்ட அந்த விளையாட்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு ரகசிய அறைகளில் உள்ள குழாய்கள் உலகம் விட்டு உலகம் தாவ உதவுகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் எட்டு நிலைகளை ஆடினால் போதும். 1-1, 1-2, அங்கிருந்து 4-1, 4-2, அங்கிருந்து 8-1 முதல் 8-4 வரை. இதுதான் பாதை. இந்தப் பாதையை மிகக் குறைந்த நேரத்தில் கடப்பதற்கென்றே தங்கள் வாழ்வின் ஆண்டுகளைச் செலவிட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்தக் கலைக்கு ஸ்பீட்ரன் என்று பெயர்.

2016 அக்டோபரில் டார்பியன் என்ற புனைபெயரில் ஆடுபவர் 4 நிமிடம் 56.878 விநாடியில் முடித்தார். 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்பவர் 4 நிமிடம் 54.948 விநாடியில் முடித்து, 4:55 என்ற எல்லையை முதன்முதலாக உடைத்தார். நாலரை ஆண்டு உழைப்பில், பல பேருடைய கைகளின் வழியே, மிச்சமான நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தக் கருவிக்குள் காலம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நமக்குக் காலம் ஆற்றைப்போல் இடைவிடாமல் ஓடுகிறது. விளையாட்டுக் கருவிக்கு அப்படி இல்லை. பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை திரையின் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை வரைந்து, மீண்டும் மேலே ஏறும். அப்படி ஒரு முறை வரைந்து முடிப்பதுதான் ஒரு ஃபிரேம். அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் இது விநாடிக்கு 60.0988 முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மாரியோ நிரல் விழித்தெழுந்து, எந்தெந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டிருக்கின்றன என்று ஒரே ஒரு தடவை பார்த்து, மாரியோவையும் எதிரிகளையும் ஓர் அடி நகர்த்தி, அடுத்த ஃபிரேம் வரை காத்திருக்கிறது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் அந்த உலகத்தில் எதுவுமே நடப்பதில்லை. அங்கே காலத்தின் அணு ஒரு ஃபிரேம், ஏறத்தாழ 16.6 மில்லி விநாடி. அதைப் பிளக்க முடியாது.

இதற்கு மேல் இன்னொரு படி இருக்கிறது. அந்தக் கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். இத்தனை நெருக்கடியில் ஒரு கடிகாரத்துக்கு ஒரு பைட்டுக்கு மேல் ஒதுக்க மனம் வராது. ஒரு பைட்டில் 255 வரைதான் எண்ண முடியும். ஃபிரேமுக்கு ஒன்றாக எண்ணினால் நாலே கால் விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே நிரலை எழுதியவர்கள் இரண்டு வகைக் கடிகாரங்களை வைத்தார்கள். குறுகிய வேலைகளுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்று குறையும் கடிகாரம். நீண்ட காத்திருப்புகளுக்கு 21 ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் ஒன்று குறையும் கடிகாரம். இரண்டாவது வகையில் அதே ஒரு பைட்டைக் கொண்டு ஒன்றரை நிமிடம் வரை எண்ணலாம். சிக்கனமும் அழகும் கூடிய தீர்வு. யாருக்கும் எந்த இடைஞ்சலும் தராமல் அது அங்கே கிடந்திருக்கும், ஸ்பீட்ரன் என்ற ஒன்று பிறக்காமல் இருந்திருந்தால்.

ஒரு நிலையை முடித்து அடுத்த நிலைக்குப் போகும்போது கறுப்புத் திரை ஒன்று வரும் அல்லவா, 'வேர்ல்டு 1-2' என்று காட்டியபடி? அந்த மாற்றம் இந்த மெதுவான கடிகாரத்தை நம்பியிருக்கிறது. அதனால் அடுத்த நிலை நினைத்த நேரத்தில் தொடங்காது. 21 ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது 0.35 விநாடிக்கு ஒருமுறை வரும் வாசலில் மட்டும்தான் தொடங்கும். இதற்கு ஃபிரேம் ரூல் என்று பெயர். ஸ்பீட்ரன் ஆடுபவர்கள் இதைப் புதியவர்களுக்கு விளக்கும்போது பேருந்தைத்தான் உவமை சொல்கிறார்கள். நிலையத்திலிருந்து 21 ஃபிரேமுக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது. நீங்கள் ஓடிவந்து சேர்ந்ததும் பேருந்து கிளம்பினாலும், இருபது ஃபிரேம் முன்பே வந்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும், அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும் நேரம் ஒன்றுதான். ஒரே ஒரு ஃபிரேம் தாமதித்துப் பேருந்தைத் தவறவிட்டாலோ முழுதாக இன்னொரு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்த ஒரு விதி மொத்த ஆட்டத்தின் பொருளாதாரத்தையே மாற்றிவிடுகிறது. ஒரு நிலையில் 15 ஃபிரேமை மிச்சப்படுத்தும் அருமையான தந்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறீர்கள். அதனால் முந்தைய பேருந்தைப் பிடிக்க முடியாவிட்டால் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால் வேறு யாரோ எங்கோ ஓர் ஆறு ஃபிரேமைக் கண்டுபிடிக்கும்போது, இரண்டும் சேர்ந்து 21 ஆகி, செத்துக் கிடந்த உங்கள் தந்திரத்துக்கு உயிர் வருகிறது. சில்லறையைச் சேர்த்து நோட்டாக்கிக் கொண்டுபோனால்தான் வாங்கும் கடை அது. 2016க்கும் 2021க்கும் இடையே குறைந்த இரண்டு விநாடி என்பது ஏறத்தாழ ஐந்தரைப் பேருந்து.

சில்லறை எங்கிருந்து கிடைக்கிறது? மாரியோவின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஆனால் மாரியோ நிற்கும் இடங்களைக் குறைக்கலாம். நிலையின் முடிவில் கொடிக்கம்பத்தைத் தொட்டதும் கொடி மெல்ல இறங்கும், மாரியோ சறுக்குவான், பிறகு கோட்டைக்குள் நடந்து போவான். கம்பத்தின் அடியில் உள்ள கல்லின் ஓரத்துக்குள் மாரியோ ஒரு சொட்டு புதையும்படி, மிகச் சரியான ஃபிரேம்களில் திசை மாற்றிக் குதித்தால், நிரல் குழம்பிப்போய்க் கொடி இறங்கும் காட்சியையே தவிர்த்துவிடுகிறது. 4-2இல் இன்னும் வியப்பான ஒன்று. அங்கே ரகசிய அறைக்குப் போக ஒரு செடிக்கொடியில் ஏற வேண்டும், மெதுவான வேலை. அதற்குப் பிறகு நாணய அறைக்குப் போகும் குழாய் ஒன்று வரும். குழாய் எங்கே கொண்டுபோய் விடும் என்ற தகவல் குழாயோடு ஒட்டியிருப்பதில்லை; திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தில் அது மாற்றி எழுதப்படுகிறது. மாரியோ வழக்கமாகத் திரையின் நடுவை ஒட்டி நிற்பான். கட்டைகளில் முட்டி அவனைத் திரையில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிவிட்டால், திரை போதிய தூரம் நகர்வதற்கு முன்பே குழாயை அடைந்துவிடலாம். நினைவகத்தில் இன்னும் பழைய முகவரியே இருக்கும். நாணய அறைக் குழாய்க்குள் இறங்கிய மாரியோ, கொடியில் ஏறாமலே ரகசிய அறையில் எழுந்து நிற்பான்! இதைக் குறுக்குவழி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூல நிரலை எழுதியவர்களுக்கே தெரியாத ஓர் இயற்கை விதியைச் சோதனை செய்து செய்து கண்டறிவது அது. இயற்பியலாளர் உலகத்தின் மீது செய்வதை இவர்கள் 40 கிலோபைட் உலகத்தின் மீது செய்கிறார்கள்.

அந்த உலகம் முழுக்க முழுக்க நிர்ணயமானதும்கூட. சுத்தியல் எறியும் எதிரிகள் எப்போது எறிவார்கள் என்பது தற்செயல்போலத் தெரியும். உண்மையில் ஏழு பைட் நீளமுள்ள பிட் வரிசை ஒன்று ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓர் இடம் நகர்கிறது; எதிரிகள் அதைப் பார்த்தே நடந்துகொள்கிறார்கள். கருவியை இயக்கிய கணத்திலிருந்து அதே ஃபிரேம்களில் அதே பொத்தான்களை அழுத்தினால் அதே சுத்தியல் அதே இடத்தில் விழும்.

இனி மனிதனுக்கு வருவோம். திரையில் ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், ஆரோக்கியமான ஓர் இளைஞருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். விழித்திரையில் ஒளி வேதிவினையாகி, நரம்புத் துடிப்பாகி, பார்வைப் புறணிக்குப் போய், முடிவாகி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, விரல் தசையை இழுக்க அவ்வளவு நேரம் வேண்டும். மாரியோவின் கணக்கில் அது 12 முதல் 15 ஃபிரேம். கொடிக்கம்பத் தந்திரத்துக்குக் கிடைக்கும் வாசலோ ஒரு ஃபிரேம். பயிற்சியால் எதிர்வினை நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பத்தில் ஒரு பங்காக்க முடியாது. அப்படியிருக்க விரல் எப்படி அந்த வாசலைப் பிடிக்கிறது?

அது எதிர்வினை ஆற்றுவதே இல்லை. தாளம் போடுபவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். அடி விழும் ஓசையைக் கேட்டபின் கை தொடையில் படுவதில்லை; ஓசையும் கையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மெட்ரோனோம் ஒலிக்கு ஏற்பத் தட்டச் சொல்லி ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோரின் விரல் ஒலிக்குச் சில பத்து மில்லி விநாடி முன்பாகவே தட்டிவிடுகிறது. இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இந்த முந்தல் குறைவு. மூளை அடுத்த ஒலியை முன்கூட்டியே கணித்து, கட்டளையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறது. இந்தக் கணிப்பின் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: கணிக்க வேண்டிய இடைவெளி நீளமானால் பிழையும் அதே விகிதத்தில் வளர்கிறது. ஆகவே நீண்ட இடைவெளியைச் சிறு துண்டுகளாக உடைத்து எண்ணினால் துல்லியம் கூடும். கச்சேரியில் லகுவுக்கு விரல் எண்ணுவது வேறு என்ன?

ஸ்பீட்ரன் ஆடுபவர்கள் இதோடு இன்னொன்றும் செய்கிறார்கள். காலத்தை இடமாக மாற்றிக்கொள்கிறார்கள். 'இத்தனையாவது ஃபிரேமில் குதி' என்பது மனிதனுக்கு எட்டாத கட்டளை. 'அந்தக் குழாயில் முட்டி நின்று, அங்கிருந்து ஓடத் தொடங்கி, இந்தக் கட்டையின் விளிம்பு காலடிக்கு வந்ததும் குதி' என்பது எட்டும். ஒரு ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல் என்ற மாறாத வேகம் இங்கே வரமாகிறது. சுவர் முந்தைய பிழைகளையெல்லாம் துடைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டை அவர்கள் செட்டப் என்கிறார்கள். நல்ல செட்டப் ஒன்றைக் கண்டுபிடித்தவரின் பெயர் பல நேரம் சாதனைப் பட்டியலில் வராது. ஆனால் சாதனையில் பாதி அவருடையது என்பேன்.

எதிரே இன்னொரு மனிதர் உட்கார்ந்திருக்கும் ஈஸ்போர்ட்ஸிலும் கதை இதுதான். 2004ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த ஈவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டத்தில், ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். உமேஹாரா ஆடிய கென் என்ற பாத்திரத்துக்கு உயிர்க்கோடு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வாங் ஆடிய சுன்-லி அடுக்கடுக்காக உதைக்கும் சூப்பர் தாக்குதலைத் தொடங்கினாள். சாதாரணமாகத் தடுத்தால் பயனில்லை. தடுக்கப்பட்ட உதையும் துளி உயிரைக் குடிக்கும், கென்னிடம் அந்தத் துளிகூட இல்லை. ஒரே வழி பாரி. உதை விழும் கணத்தில், சில ஃபிரேம் அகலமே உள்ள வாசலில், தாக்குபவரை நோக்கி நெம்புகோலைத் தள்ள வேண்டும். உமேஹாரா 15 உதைகளையும் ஒன்றுவிடாமல் பாரி செய்தார். கடைசி உதையைக் காற்றில் எழும்பித் தாங்கி, பதிலடியில் சுற்றை வென்றார். அரங்கம் எழுந்து கூச்சலிட்ட அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அதில் பலர் கவனிக்காதது முதல் உதை. சூப்பர் தாக்குதல் தொடங்கும்போது திரை ஒரு கணம் மின்னி உறையும். அந்த மின்னலைப் பார்த்துவிட்டு நெம்புகோலைத் தள்ள நினைத்தால் காலம் கடந்துவிடும். உமேஹாரா மின்னலுக்கு முன்பே தள்ளியாக வேண்டும். அதாவது, எதிராளி எந்தக் கணத்தில் பொறுமை இழப்பார் என்பதை அவர் படித்திருக்க வேண்டும். மற்ற பதினான்கும் மனப்பாடம் செய்த தாளம். முதலாவது இன்னொரு மனிதரின் மனத்தைப் பற்றிய கணிப்பு. அந்தப் போட்டித் தொடரின் இறுதி ஆட்டத்தில் உமேஹாரா தோற்றார். ஆனாலும் இன்றுவரை நினைவில் நிற்பது இதுதான்.

இணையத்தின் வழியே ஆடும் விளையாட்டுகளில் பேருந்து இன்னொரு வடிவில் திரும்பி வருகிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ சர்வர்கள் விநாடிக்கு 64 முறை உலகத்தைப் புதுப்பித்தன. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு டிக். அதோடு தூரமும் சேரும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 2,900 கிலோமீட்டர் அளவு. போய்வர 29 மில்லி விநாடி. எவ்வளவு பணம் கொடுத்து எந்த இணைப்பு வாங்கினாலும் இதற்குக் கீழே போகாது. நீங்கள் சுட்ட செய்தி சர்வருக்குப் போய்ச் சேரும்போது எதிரி நகர்ந்துவிட்டிருப்பான். அதனால் சர்வர் கடந்த சில கணங்களின் வரலாற்றைச் சேமித்து வைத்து, நீங்கள் சுட்டபோது உங்கள் திரையில் உலகம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தீர்ப்புச் சொல்கிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். பெரிய இறுதிப் போட்டிகளை ஒரே அரங்கில், ஒரே உள்வலையில் நடத்துவதற்கு இதுவும் காரணம்.

மாரியோவுக்குத் திரும்புவோம். தேர்ந்த ஆட்டக்காரரின் விரலுக்கு ஒரு பொத்தானில் 16 மில்லி விநாடி அளவு சிதறல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணி வடிவ வளைவில் கணக்குப் போட்டால், ஒரு ஃபிரேம் வாசலை அவர் பத்துக்கு நாலு முறை பிடிப்பார். தனியாகப் பார்த்தால் மோசமில்லை. அப்படிப்பட்ட வாசல்கள் ஐந்தை அடுத்தடுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் நூறு ஓட்டத்தில் ஒன்று தேறும். பத்து என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. இத்தனைக்கும் நடுவில் இதயம் வேறு. டார்பியன் தன் ஓட்டங்கள் சிலவற்றில் இதயத் துடிப்பைத் திரையிலேயே காட்டியிருக்கிறார்; சாதனை கைக்கெட்டும் தூரத்தில் வரவர எண் ஏறிக்கொண்டே போகும். பதற்றத்தில் மூளையின் உள்கடிகாரம் வேகம் பிடிக்கும் என்பது உளவியலில் பலமுறை கண்ட செய்தி. கடிகாரம் வேகமானால் விரல் முந்திக்கொள்ளும். சாதனை நெருங்கும் வேளையிலேயே, ஆயிரம் முறை சரியாக விழுந்த குதி ஒரு ஃபிரேம் முன்னால் விழுந்து பள்ளத்துக்குள் போவதற்கு உடலியல் காரணம் இது. அதைப் பார்த்துக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பதற்றமே இல்லாத ஓர் ஆட்டக்காரரும் உண்டு. கணினியில் விளையாட்டை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, தவறினால் பின்னால் போய் மறுபடி முயன்று, எந்த ஃபிரேமில் எந்தப் பொத்தான் என்று ஒரு நீண்ட பட்டியலாக எழுதிவைப்பார்கள். அந்தப் பட்டியலைக் கருவி ஆடும். இதை டாஸ் என்கிறார்கள். மனிதர்களோடு போட்டியிட அல்ல, எது சாத்தியம் என்று காட்டவே அது. மாரியோவில் அதன் நேரம் 4 நிமிடம் 54 விநாடிக்குச் சற்று மேல். 'இதெல்லாம் கருவியால் மட்டுமே முடியும்' என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட தந்திரங்களை ஒவ்வொன்றாக மனிதர்கள் செட்டப் கண்டுபிடித்துத் தங்கள் விரலுக்குக் கொண்டுவந்தார்கள். 2023 செப்டம்பரில் நிஃப்ட்ஸ்கி 4:54.631ஐத் தொட்டபோது, கருவிக்கும் அவருக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை.

இதைப் பேருந்து விதிதான் சாத்தியமாக்கியது என்பது எனக்கு ஆறாத வியப்பு. கருவி ஒரு நிலையை மனிதனைவிடப் பத்து ஃபிரேம் முன்னால் முடிக்கலாம். ஆனால் இருவரும் ஏறுவது ஒரே பேருந்து என்றால் அந்தப் பத்து ஃபிரேமும் காத்திருப்பில் கரைந்துபோகும். அடுத்த நிலையின் வாசலில் இருவரும் ஒரே கணத்தில் இறங்குவார்கள். 1985இல் நினைவகத்தைச் சிக்கனம் செய்வதற்காக வைத்த மெதுவான கடிகாரம் ஏழு நிலைகளின் முடிவிலும் மனிதனுக்காகக் காத்திருக்கிறது.

எட்டாவதில் காத்திருக்காது. 8-4இல் கொடிக்கம்பம் இல்லை, கறுப்புத் திரை இல்லை. குழாய்களின் புதிர்வழி, தண்ணீருக்குள் ஓர் அறை, கடைசியில் வில்லன் பௌசரும் அவன் பின்னால் கோடரியும். மாரியோ கோடரியைத் தொடும் ஃபிரேமிலேயே கடிகாரம் நிற்கும். நாலு நிமிடத்துக்கும் மேலாகத் தவறுகளை மன்னித்துவந்த ஆட்டம் இங்கே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்கு கேட்கிறது, அதுவும் துடிப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில். குழாயின் விளிம்பில் ஒரு கணம் தயங்கினால் 16.6 மில்லி விநாடி. தண்ணீரில் ஒரு வீச்சு தாழ்ந்தால் இன்னும் இரண்டு மூன்று ஃபிரேம். சாதனைப் பட்டியலில் புள்ளிக்குப் பிறகு வரும் அந்த மூன்று இலக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டைக்குள் எழுதப்பட்டவை.